முந்தியது சல்லரி இல்லை

அன்றைக்கு நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசி, ஒரு பகல். எழுதத் தொடங்கினால் லெப்டொப்பில் ஒலிப்பதிவு வெட்டுப்படுகிற கதை மாதிரித்தான் போகும், பாதிக்கு மேல் அதுவும்தான், பஃபர் ட்ரைவர் வைஃபை என்று எல்லாம் வரும், அதே தொல்லையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஒரு வழி கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் என்னை அரித்துக்கொண்டிருப்பது மெஷின் இல்லை. சல்லரியை, கூத்துக்குத் தாளம் போடுகிற வெண்கலக் கைத்தாளத்தை, மடிக்குள் செருகிக்கொண்டு, ஊற்றி வைத்த பிளேன்டீயையும் குடிக்காமல் எழும்பிப் போன ஒரு மனுசன்.

ஸ்டூடியோ என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டுப் பின்னறை அது, ஒருகாலத்தில் நெல்மூட்டை அடுக்கியது. எதிரொலி அடங்கட்டும் என்று சுவர் நிறையப் பன்பாய்களைத் தொங்கவிட்டிருக்கிறேன். முட்டை அட்டையை விடப் பாய் நன்றாகவே வேலை செய்கிறது, பார்க்கவும் அசிங்கமில்லை. ஒரு பழைய லெப்டொப், இரண்டு மைக் செருகக்கூடிய ஒரு சின்ன இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருள். கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசித்த காசில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. சொந்தமாக மெட்டுப்போடுவதுதான் எண்ணம், கூத்துப் பதிவதெல்லாம் என் யோசனையிலேயே இருக்கவில்லை. மண்டூர்ப் பக்கத்து அண்ணாவியார் ஒருவர், கூத்துப் பழக்குகிறவர், எண்பதைத் தொட்டவர், தனக்குத் தெரிந்த வடமோடிக் கூத்தின் வரவுப் பாட்டுகளை யாராவது பதிந்து வைக்கவேணும் என்று எங்கள் மாமாவிடம் சொல்லி அனுப்பியதில் தொடங்கியது. கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். "எழுத்தில ராகம் நிக்காது மனே" என்றார் என்னைக் கண்டதும். (மட்டக்களப்பான் இசையைப் பற்றி எழுதினால் பாடுமீனைத் தொடாமல் போகக்கூடாது என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. நான் தொடவில்லை.)

அவர்கள் ஐந்து பேர் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவைப் படகில், ஏறிக் குருமண்வெளித் துறைக்கு வந்தார்கள். அண்ணாவியார், மத்தளத்துக்கு அவருடைய மகன், சல்லரிக்கு அவருடைய மச்சான், பிற்பாட்டுக்கு இரண்டு பேர். எல்லாரும் பாயில் இருந்து மைக்கைச் சரிபண்ணி முடிய, கரண்ட் போனது. அந்தக் கிழமை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், இலங்கை முழுக்க நெருக்கடி, மின்வெட்டுக்காக ஊர்களை எழுத்துக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள், எந்தக் குழுவுக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்ற அட்டவணையை மனப்பாடம் செய்து வைத்திருந்தோம், ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம், 13 மணித்தியாலம் என்று ஏறிக்கொண்டு போனது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் நின்றுவிட்டது, ஃபேன் இல்லை, பிரிட்ஜ் இரைச்சல் இல்லை, ஊரே வாய்மூடிக் கிடந்தது. லெப்டொப் பட்டரியில் ஓடும், இன்டர்ஃபேஸுக்கு யூஎஸ்பி வயர் வழியாகவே மின்சாரம் போகும். ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று பட்டனை அழுத்தினேன். 40 நிமிஷம் நிறுத்தாமல் பாடினார். அந்த வயதில், அந்த வெக்கையில், நடுவில் ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கவில்லை.

என் காதில் மட்டும் ஹெட்ஃபோன் இருந்தது. அதில் அவ்வப்போது "டக்" என்று கேட்டது. முந்தியும் சில மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான், என் சொந்தப் பாட்டு வேலைகளில். புதிசில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஹெட்ஃபோனில் மட்டும்தான் இருக்கும், பதிவில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிந்ததும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அண்ணாவியார் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டு கேட்டார். நாலைந்து நிமிஷம் போயிருக்கும், கையை நிறுத்தினார். "சல்லரி முந்துது." இன்னும் கொஞ்சம் ஓடியது. "இஞ்சயும் முந்துது. நடுவில தட்டுப்படுது. என்ன மச்சான், நித்திரையா?" அவருடைய மச்சான் முதலில் சிரித்தார். மூன்றாம் தடவை சொன்னபோது சிரிப்பு நின்றது. "நாப்பது வருசமாத் தட்டுறன். நான் முந்துறனா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஒழுங்காக வாசித்தேன், தம்பி, இதில் நீ ஒன்றும் சொல்லமாட்டாயா என்பதுதான் அது. நான் லெப்டொப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாவியார் சொல்லும்போது குறுக்கே பேசுவதா என்று ஒரு பயம், என் ஸ்டூடியோவில் குறை என்று ஐந்து பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்வதா என்று ஒரு வெட்கம். இரண்டில் எது கூட என்று இப்போது எனக்குத் தெரியும். அவர் எழும்பினார். தனியாகவே துறைக்கு நடந்து போனார்.

ஏன் சல்லரி

இது பிறகுதான் விளங்கியது, ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து பேருடைய சத்தமும் அதே இரண்டு மைக்கில், ஒரே நேரத்தில்தான் போனது. மெஷின் எதையாவது விழுங்கியிருந்தால் எல்லாருடையதையும்தான் விழுங்கியிருக்கும். பிறகு ஏன் சல்லரிக்காரர் மட்டும் பிழைகாரர் ஆனார்? மத்தளத்தின் சத்தம் அடித்த கையோடு அடங்கிவிடும், அதற்கும் அடுத்த அடிக்கும் நடுவே வெறும் இடம் இருக்கிறது, வெட்டு அந்த வெறும் இடத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. பாட்டுக் குரலில் விழுந்தால் கிழவருடைய தொண்டை கொஞ்சம் கரகரத்தது என்று காது சமாதானம் சொல்லிக்கொள்ளும். வெண்கலம் அப்படி இல்லை. ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையில் அது ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது, அந்த ரீங்காரத்தில் ஒரு மயிரிழை அறுந்தாலும் அறுந்த இடத்தில் "டக்" என்று ஒரு கூர் எழும்பும், கேட்பவருக்கு அது யாரோ கூடுதலாக ஒருமுறை தட்டியது போலவே இருக்கும். அதோடு, விழுங்கப்பட்டது நேரம். பத்து மில்லி செக்கன் காணாமல் போனால் அதற்குப் பிறகு வருகிற தட்டு பத்து மில்லி செக்கன் முந்தி வரும். அண்ணாவியாரின் காது பிழையே விடவில்லை. தட்டுப்பட்டது உண்மை, முந்தியது உண்மை. ஆளைத்தான் பிழையாகப் பிடித்தார். கூத்தில் காலம் பிசகினால் சல்லரியைப் பார் என்பது அவருடைய எழுபது வருஷப் பழக்கம்.

பாதையும் பஃபரும்

இந்த வேலையில் புதிதாக இருப்பவர்களுக்கு, டிஜிட்டல் பதிவு என்பது பொதுவாக ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்ணாக்குவது. அந்த எண்களை மெஷின் ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. குருமண்வெளிப் பாதை மாதிரித்தான், ஒரு கூட்டம் சேர்ந்ததும் ஏற்றிக்கொண்டு அக்கரை போய் இறக்கும். அந்தக் கூட்டத்தின் அளவுதான் பஃபர். 128 என்று வைத்தால் 2.9 மில்லி செக்கனுக்கு ஒரு பயணம், 1024 என்று வைத்தால் 23 மில்லி செக்கனுக்கு ஒன்று. ஒரே ஒரு வித்தியாசம், எங்கள் பாதைக்காரர் ஓடி வருகிறவரைக் கண்டால் கொஞ்சம் பொறுப்பார், இது பொறுக்காது. அக்கரையில் இறக்கி எடுக்க ஆள் நேரத்துக்கு வரவில்லை என்றால், வந்த கூட்டம் வாவியோடு போனது போனதுதான், அடுத்த கூட்டம் வந்துவிடும். அந்தக் காணாமல்போன கூட்டம்தான் "டக்".

நான் 128 இல் வைத்திருந்தேன். கீபோர்டை அழுத்தியதும் சத்தம் காதுக்கு வரவேண்டும், அதற்காகச் சிறிதாக வைக்கப் பழகியவன், அந்தப் பழக்கத்தில் அன்றும் அப்படியே. யோசித்துப் பார்த்தால் மடத்தனம். வந்தவர்களில் ஒருவர்கூட ஹெட்ஃபோன் போடவில்லை, தாமதம் யாருக்குக் கேட்கப்போகிறது? சத்தம் காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும், அப்படியானால் 2.9 மில்லி செக்கன் என்பது ஒரு மீற்றர் தூரம், 23 மில்லி செக்கன் என்பது எட்டு மீற்றர். வட்டக்களரியில், அதாவது கூத்தின் வட்டமான ஆடுகளத்தில், ஆடுகிறவன் மத்தளத்துக்கு எவ்வளவு தள்ளி நின்றெல்லாம் ஆடுகிறான். அந்தத் தூரத்தில் காலம் பிசகாமல் ஆடிய சனத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நான் ஒரு மீற்றருக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன். 1024 இல் வைத்திருந்தாலே முக்கால்வாசி வெட்டு இருந்திருக்காது. முழுவதும் போயிருக்காது, அதைப் பிறகு சோதித்துப் பார்த்தேன்.

கடைக்காரரும் நானும்

அதற்கு அடுத்த மூன்று கிழமை நான் செய்யாத வித்தை இல்லை. யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி நேராகச் செருகினேன், வேறு துளையில் செருகினேன், வயரை மாற்றினேன். யூஎஸ்பியைத் தூங்கவிடுகிற அமைப்பை நிறுத்தினேன். புளூடூத், வைரஸ் காவல் எல்லாவற்றையும் அணைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். சினேகிதன் ஒருவன் "புதுசு ஒன்று வாங்கன்டா" என்றான், டொலர் 200 ரூபாயில் இருந்து 300ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கடை ஒன்றுக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் அரை மணித்தியாலம் பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு ஒண்டுமில்லையே என்றார், சும்மா அனுப்பக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ரெம் காணாது என்று கூட்டிப்போட்டுக் காசு வாங்கினார். ரெம் கூடியது. "டக்" அப்படியே இருந்தது.

என்னைச் சுற்றவிட்டது இதுதான். வீட்டில் நான் சோதிக்கும்போதும் பெரும்பாலும் ஒன்றும் வராது. வந்தால் அநேகமாகக் கரண்ட் வெட்டு நேரத்தில்தான் வரும். ஆகவே பட்டரியைச் சந்தேகித்தேன், அது நியாயமான சந்தேகம்தான், பட்டரிக்கு மாறினால் விண்டோஸ் சிக்கனம் பிடிக்கும், புரொசெசரின் வேகத்தைக் குறைக்கும். பட்டரியிலும் முழு வேகம் என்று மாற்றி வைத்தேன். வெட்டு நேரத்தில் "டக்". மாறாத ஒன்று திரையில் எப்போதும் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது, ரீப்பர் காட்டுகிற சிபியூ அளவு, 10க்கும் 15க்கும் நடுவே. நூற்றில் பதினைந்து பங்கு வேலைகூட இல்லை, பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது? அந்தக் கேள்வியையே நான் பிழையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது படவில்லை. நான் மெஷினின் பலத்தை அளந்துகொண்டிருந்தேன். பலசாலியாக ஒருத்தன் இருக்கலாம், துறைக்கு நேரத்துக்கு வராவிட்டால் பாதை போய்விடும்.

ஜன்னலில் இருந்த ஃபோன்

ஏப்ரல் நடுப்பகுதி. அக்காவின் மகன், பன்னிரண்டு வயது, ஃபோனில் இடமில்லை என்று வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தான். "மாமா, அண்டைக்குப் பாடினவங்கட வீடியோ வேணுமா, அழிக்கவா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அன்றைக்கு அவன் தன் பழைய ஃபோனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து முழுவதையும் எடுத்திருக்கிறான். படத்தில் பாதி ஜன்னல் கம்பி, மீதி அண்ணாவியாரின் முதுகு. சத்தம் தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி. ஆனால் நான் காதில் வைத்துக் கேட்டபோது கை சில்லிட்டது. சல்லரி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்திலும் தட்டுப்படவில்லை. இந்த ஃபோனை மூன்று தடவை கீழே போட்டிருக்கிறான், திரையில் ஒரு பெரிய வெடிப்பு.

அன்றிரவே அதை ரீப்பருக்குள் இழுத்துப் போட்டு என் பதிவுக்குக் கீழே வைத்தேன். முதல் தட்டை இரண்டிலும் ஒன்றுக்கு நேராக ஒன்று பொருத்தினேன். கடைசித் தட்டுக்குப் போய்ப் பார்த்தால் என் பதிவு கிட்டத்தட்ட அரைச் செக்கன் முந்தி முடிந்திருந்தது. 40 நிமிஷத்தில் அரைச் செக்கனை என் மெஷின் தின்றிருக்கிறது. இரண்டு கருவிகளை வைத்துப் பதிந்தால் கொஞ்சம் விலகத்தான் செய்யும், இரண்டின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது, அது எனக்குத் தெரியும். அந்த விலகல் தரை மெல்லச் சரிகிற மாதிரி, போகப் போகக் கூடும். இங்கே நான் கண்டது படிக்கட்டு. கொஞ்ச நேரம் இரண்டு அலையும் ஒன்றாகவே போகும், திடீரென்று ஒரு படி, எட்டோ பத்தோ மில்லி செக்கன், சில படி முப்பதைத் தொட்டது, மறுபடி ஒன்றாகப் போகும். ஒவ்வொரு படியிலும் ஒரு குறி போட்டுக்கொண்டு போனேன். பத்துக் குறி போட்டு முடிய, கொஞ்சம் தள்ளி வைத்துத் திரையைப் பார்த்தேன். வேலிக்கு நட்ட கட்டை மாதிரி வரிசையாக நின்றன. ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்கு ஒன்று.

நான் மாதக்கணக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், அது எப்போது வரும் என்று சொல்லமுடியாத சனியன் என்றே நினைத்திருக்கிறேன். நேரம் பார்த்ததே இல்லை. மெஷினுக்குள் யாரோ நிமிஷத்துக்கு ஒருமுறை ஏதோ செய்கிறார்கள்.

லேட்டன்சிமொன் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, இலவசமாகவே எடுக்கலாம். மெஷினுக்குள் எந்த ட்ரைவர் மற்றவர்களை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்று காட்டும். அதை நான் முந்தியே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன், எல்லாம் பச்சை என்று சொல்லிவிட்டது. ஓடவிட்டது கரண்ட் இருந்த நேரத்தில். இந்தமுறை அட்டவணையைப் பார்த்து வெட்டுக்காகக் காத்திருந்தேன், வாழ்க்கையில் முதல்தடவையாகக் கரண்ட் போகட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. போனது. ஒரு நிமிஷம் பச்சை. சடாரென்று ஒரு சிவப்புக் கோடு. மறுபடி பச்சை. மறுபடி ஒரு நிமிஷம், மறுபடி சிவப்பு. ட்ரைவர்களின் பட்டியலைத் திறந்தால் மேலே நின்றது வைஃபை.

இந்த ட்ரைவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவசர வேலை என்று ஒன்றைப் பிடித்தால், அதை முடிக்கும்வரை அந்தப் புரொசெசர் கோரில் ரீப்பர் மாதிரிச் சாதாரண நிரல் எதுவும் நுழைய முடியாது. டிபிசி என்பார்கள் அதை. கோயில் சடங்கில் உரு வந்து ஆடுகிறவரை யார் போய் நிப்பாட்டுவது, அவராக அடங்கும்வரை எல்லாரும் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும், அப்படி. ஏசியோ இருக்கிறதே பிறகென்ன என்று நான் தைரியமாக இருந்தேன். ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் 1997 இல் கொண்டுவந்த வழி, விண்டோஸின் ஒலிக் கலவைக்குள் போகாமல் நேரே இன்டர்ஃபேஸோடு பேசும், நல்ல குறுக்குவழிதான். ஆனால் குறுக்குவழியில் போகிறவரும் உரு ஆடுகிறவரைத் தாண்டிப் போகமுடியாது. ஒழுங்காக எழுதிய ட்ரைவர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பங்குக்குள் ஆடி முடித்துவிடும். என்னுடையது எட்டு, பத்து, முப்பது மில்லி செக்கன் நின்று ஆடியிருக்கிறது.

சரி, வைஃபை. அதற்கும் கரண்ட் வெட்டுக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கண்டுபிடித்த இடத்தில் நான் தலையில் அடித்துக்கொண்டேன். கரண்ட் போனால் ரவுட்டர் செத்துவிடும். லெப்டொப் சாகாது. ரவுட்டர் இருக்கும்வரை வைஃபை கார்ட் அதைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். அது போய்விட்டால், அக்கம்பக்கத்தில் வேறு எங்காவது கிடைக்குமா என்று நேரத்துக்கு நேரம் தேடத் தொடங்கும், என் மெஷினில் அது நிமிஷத்துக்கு ஒருமுறை. ஊரே இருண்டு கிடக்கிறது, எந்த வீட்டிலும் ரவுட்டர் இல்லை, அது விடாமல் தேடிக்கொண்டிருக்கிறது. இதில் பெரிய பகிடி என்னவென்றால், ஒலிப்பதிவின்போது இன்டர்நெட்டை நிறுத்து என்று ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டு நானும் நிறுத்தியிருக்கிறேன். எப்படி? எழும்பிப் போய் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி. நல்லது செய்வதாக நினைத்து நானே அதைத் தேடவிட்டிருக்கிறேன். கரண்ட் இருந்தும் சில நாள் "டக்" வந்ததே, அந்த நாட்கள் எல்லாம் இப்போது கணக்கில் வந்து உட்கார்ந்தன. கடைக்காரரையும் குறை சொல்ல ஏலாது, அவருடைய கடையில் கரண்ட் இருந்தது, அவருடைய வைஃபையில்தான் இணைத்துப் பார்த்தார்.

வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு விளையாட்டு விளையாடினேன். ரவுட்டரைக் கழற்றினேன், சிவப்பு வந்தது. செருகினேன், போனது. மூன்று தடவை. பிறகு கருவிகளின் பட்டியலில் போய் வைஃபை கார்டையே முடக்கினேன். ரவுட்டர் செத்துக் கிடக்க, பட்டரியில், 128 இல், ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். ஒரு "டக்" இல்லை. கார்டின் ட்ரைவரைப் புதிதாக்கிப் பார்த்தேன், ஓரளவு குறைந்தது, நான் நம்பவில்லை. இப்போது பதிவு என்றால் முதல் வேலை முடக்குவது, முடிந்ததும் திரும்ப இயக்குவது. இரண்டு கிளிக். அதற்கு எனக்கு எட்டு மாதமும் ஒரு ரெம்மின் காசும் போனது.

மண்டூருக்கு

கண்டுபிடித்த இரவு நித்திரை வரவில்லை. சந்தோஷத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். மெஷினுக்குச் சரி, அந்த மனுசனுக்கு? வீட்டில் சொன்னேன். அம்மா "போய்ச் சொல்லிற்று வா, அதில என்ன" என்றா. அதில் என்ன என்பது சொல்கிறவர்களுக்குச் சுகம். ஒரு கிழமை இழுத்தடித்தேன். அண்ணாவியாரிடம் முதலில் போவதா, மச்சானிடம் முதலில் போவதா என்றுகூட ஒரு யோசனை ஓடியது, அண்ணாவியாரிடம் சொல்லிவிட்டால் அவர் சொல்லிக்கொள்வார், நான் முகம் பார்க்கத் தேவையில்லை. கடைசியில் லெப்டொப்பையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் பையில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். பாதையில் நிற்கும்போது, அன்றைக்கு அவர் இதே பலகையில் தனியாக நின்று என்ன யோசித்திருப்பார் என்று எண்ணாமல் இருக்கமுடியவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, என் கை உண்மையிலேயே முந்துகிறதோ என்று ஒரு கணமாவது நினைத்திருப்பார். அந்தச் சந்தேகத்தை அவருக்குள் வைத்தது நான்தான்.

சல்லரிக்காரர் தன் வீட்டு மாமரத்தடியில் வெற்றிலைத் தட்டத்தோடு இருந்தார். "வா மனே, இரி" என்றார், சாதாரணமாக. நான் பஃபர், வைஃபை என்று ஏதோ உளறத் தொடங்கினேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "போட்டுக் காட்டு." முதலில் என் பதிவைப் போட்டேன், பிறகு ஃபோனில் இருந்ததை. நாலு நிமிஷத்துக்குள் அவருக்கு விளங்கிவிட்டது, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. கால் பெருவிரலால் மண்ணில் காலம் போட்டுக்கொண்டு 40 நிமிஷத்தையும் கேட்டார். அண்ணாவியாரின் குரல் உச்சிக்குப் போகிற இடங்களில் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மாமா, அண்டைக்கே நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும், மெஷின்லதான் பிழை எண்டு. சொல்லல்ல."

"ம்" என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தக் கடைசிப் பாட்டை ஒருக்காப் போடு. முந்தின துண்டில இருந்து."

ஃபோன் பதிவில்தான் போட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் விரலைத் தூக்கினார். மறுபடி போடச் சொன்னார், மறுபடி அதே இடத்தில் விரல். வரவு முடிந்து தாளம் மாறுகிற இடம். நான் எதையும் கவனிக்கவில்லை. மூன்றாம் தடவைதான் எனக்குக் கேட்டது, சல்லரி உண்மையிலேயே ஒரு இம்மி முந்தி விழுந்திருந்தது.

"மத்ததெல்லாம் உண்ட மெசின். இது நான்" என்றார். "அவர் இதைப் பிடிக்கல்ல பாத்தியா."

அதை வேண்டுமென்றால் இழுத்து நேராக்கலாம் என்று சொன்னேன். இரண்டு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. அவர் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு, கிடக்கட்டும் என்றார்.